தொட்டிக்குப் போட்ட பூட்டு

பூட்டுக்காரர் இந்த உலகத்தில் இரண்டே இரண்டை நம்பினார். ஒன்று தன்னை, இன்னொன்று தான் செய்த பூட்டை. கட்டிய மனைவிக்கு மூன்றாவது இடம்கூடக் கிடைக்கவில்லை.

தெருவே உப்புத் தண்ணீரில் தவித்தபோது, அவர் கூரை விளிம்பில் தகரக் குழாய் கட்டினார். கூரைத் தூசியும் காக்கை எச்சமும் கழுவிப் போகட்டும் என்று முதல் மழையை வெளியே திருப்பிவிட்டார். அடுத்த மழையைத் துணியில் வடிகட்டித் தொட்டியை நிரப்பினார். அதுவரை அவர் உத்தமர்தான். நிரம்பியதும் தொட்டி மூடிக்கு ஒன்று, தண்ணீர் பிடிக்கும் குழாய்க்கு ஒன்று என்று பூட்டுப் போட்டாரே, அங்கேதான் அந்த அபலையின் கண்ணீர்க் கதை தொடங்கியது.

"ஆபத்துக்கு இருக்கட்டும்" என்பார்.

"ஆபத்து என் தலைமேலதாங்க இருக்கு!" என்று சீப்பை நீட்டுவாள் மனைவி. உப்புத் தண்ணீரில் ஷாம்பு நுரைக்காது. முடி கொத்துக் கொத்தாக வரும். இடுப்பைத் தொட்ட பின்னல் எலிவாலாகிவிட்டது.

"போனா போகுது. எனக்குப் போகலையா?" என்று தன் வழுக்கையைத் தடவிக்கொள்வார் அந்தக் கல்நெஞ்சர்.

பக்கத்துத் தெரு நாத்தனார் வந்து வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவாள். "என்ன அண்ணி, கொண்டை நெல்லிக்காய் சைசுக்கு வந்துடுச்சு?"

"உங்க அண்ணன் அந்தத் தொட்டியைப் பார்த்துக்கறதுல பாதி என்னைப் பார்த்துக்கிட்டா, எனக்கு ஏன்மா இந்தக் கதி?"

இதில் பெரிய கொடுமை, ஒவ்வொரு மழைக்கும் நிரம்பிய தொட்டி வழிந்து சாக்கடைக்கு ஓடும். பூட்டுக்காரர் குடையோடு நின்று, "போச்சே, போச்சே!" என்று மாரில் அடித்துக்கொள்வார்.

ஒரு மத்தியானம் வானம் கறுத்தது. சீப்போடு இன்னொரு கொத்து கையில் வந்தது. அவள் பொங்கி எழுந்தாள். கொண்டை ஊசியை உருவிக்கொண்டு போய்க் குழாய்ப் பூட்டில் நுழைத்தாள். மூன்று திருப்பு. திறந்துவிட்டது! வாளி வாளியாக ஊற்றினாள். எத்தனை காலத்துக்குப் பிறகு நுரை! வாய்விட்டே அழுதாள். அழுதுகொண்டே வீட்டிலிருந்த அண்டா, குண்டா, குடம் அத்தனையையும் நிரப்பினாள். தொட்டி பாதியாயிற்று.

மழை வரப்போகிறதென்று கடையை மூடிக்கொண்டு ஓடிவந்த கணவர், ஈரத் தலையைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார்.

"எதால திறந்த?"

"கொண்டை ஊசியால."

படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஏழு லீவர் பூட்டுடி அது!"

"மூணாவது திருப்புக்கே மனசு இளகிடுச்சுங்க. உங்களைவிட நல்ல பூட்டு."

அவர் வாயைத் திறப்பதற்குள் மழை கொட்டியது. பழக்க தோஷத்தில் மாரில் அடித்துக்கொள்ள ஓடினார். ஆனால் சாக்கடைக்கு ஒரு சொட்டுகூடப் போகவில்லை. தொட்டிக்குள்ளிருந்து தடதடவென்று சத்தம். காதை வைத்துக் கேட்டார். பிரசவ அறை வாசலில் முதல் அழுகையைக் கேட்ட தகப்பனைப் போல முகம் மாறியது.

"அப்போ இத்தனை நாளா வந்த மழையை நானேதான் துரத்திவிட்டேனா?"

"இடம் இல்லாத வீட்டுக்கு யாருங்க வருவா? உள்ள வாங்க, நனையறீங்க."

"இரு." குரல் தாழ்ந்தது. "நாளைக்கும் தலைக்கு ஊத்திக்க. நல்லாவே ஊத்திக்க. அடுத்த மழைக்கு இடம் வேணும்ல?"

அவள் துண்டை உதறித் தலையில் சுற்றிக்கொண்டாள். "மூணு வாளி ஆகும். தூக்கித் தர ஆள் வேணும்."

பூட்டுக்காரர் தொட்டியிலிருந்து காதை எடுக்காமலே தலையாட்டினார்.