கம்பெனி கோடாங்கி

சென்னையில் மனோதத்துவம் படித்து எம்.ஏ. பட்டத்தோடு நல்லசிவம் விருதுநகருக்குத் திரும்பியபோது, மிளகாய் வத்தல் வியாபாரியான அவன் அப்பாவுக்குக் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது. "இதுக்கு எம்புட்டுச் சம்பளம் தருவாக?"

யாருக்கும் தெரியவில்லை. நல்லசிவத்துக்கே தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் வேலை கேட்டால், கணக்குச் சொல்லித்தரத் தெரியுமா என்று திருப்பிக் கேட்டார்கள். கடைசியில், திருத்தங்கல் பக்கம் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த தூரத்துச் சொந்தக்காரர் அய்யாதுரை மாதம் இருநூறு ரூபாய்க்குக் கூப்பிட்டார். முந்தின வருஷம், 1961இல், அங்கே மருந்து ரூம் வெடித்து நாலு பேர் செத்திருந்தார்கள். அதன்பிறகு மருந்து கலக்கும் வேலைக்கு யாரும் வரவில்லை. தொழிலாளர்களின் பயத்தை எடுக்க வேண்டும், அதுதான் உத்தியோகம். பேயோட்டுகிற கோடாங்கிக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம் என்று ஊரில் சிரித்தார்கள். பெயரும் நிலைத்துவிட்டது.

முதலில் அவனிடம் வந்தவள் பஞ்சம்மாள். வெடியில் செத்தவர்களில் அவள் புருஷனும் ஒருவன். லேபிள் ஒட்டும்போது கை நடுங்கியது. கண்ணை மூடினால் புருஷன் வந்து தண்ணீர் கேட்கிறானாம். நல்லசிவம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, போர்மேன் மொக்கைச்சாமியை அழைத்தான்.

"இந்தம்மாவுக்கு மருந்துதான் சரிப்படும். சீக்கிரம் ஏற்பாடு பண்ணுங்க."

டாக்டரிடம் தூக்கத்துக்கு ஏதாவது வாங்கித் தரச் சொன்னதாக அவன் நினைப்பு. பட்டாசுக்காரர்கள் வாயில் மருந்து என்றால் அது வெடிமருந்து ஒன்றுதான்.

மறுவாரம் பஞ்சம்மாள் புதிதாகக் கட்டிய மருந்து ரூமில் உட்கார்ந்து வெடிமருந்து கலந்துகொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் நல்லசிவம் அய்யாதுரையிடம் ஓடினான். அவன் வாயைத் திறக்குமுன் அவர் தோளில் தட்டினார்.

"புருசனப் பறிகொடுத்தவளே உள்ள போயிட்டா. அவளப் பாத்து மத்தவகளும் வந்துட்டாக. ஏலே, படிப்புன்னா இதுதாம்லே படிப்பு! இந்த மாசத்துலேருந்து ஒனக்கு முந்நூறு."

முந்நூறு என்றதும் அவன் வாய் மூடிக்கொண்டது. தீபாவளி சீசன் முடியட்டும், சொல்லிவிடலாம் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டான். வெட்கங்கெட்ட நினைப்புதான். கம்பெனியில் எங்காவது தகரம் விழுந்தால்கூட அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. வெடிக்கவில்லை. வெடிக்காததாலேயே ஒவ்வொரு நாளும், இன்றைக்குத்தானோ என்று செத்துப் பிழைத்தான்.

சம்பள நாளன்று பஞ்சம்மாள் அவனைத் தேடி வந்தாள். கை நடுங்கவில்லை, முகம் தெளிந்திருந்தது. அந்தத் தெளிவைப் பார்க்கத்தான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"நீங்க நல்லா இருக்கணும் அய்யா. அவுக இப்ப தண்ணி கேக்குறதில்ல. மருந்து ரூமுல எம் பக்கத்துலயே உக்காந்து பேசிக்கிட்டிருக்காக. எம் மக முத்துப்பேச்சிக்கும் அப்பனப் பாக்கணும்னு ஆச. வயசு பதினாறு முடிஞ்சிருச்சு. அவளயும் மருந்துக்குப் போடச் சொல்லி போர்மேன்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க."

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். முதல் தப்பிலிருந்து எல்லாம் வெளியே வரும். நல்லசிவம் சம்பளக் கவரைச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

"சொல்றேம்மா" என்றான்.