சாமிக்கு எடுத்து வைத்த கறுப்பு வெல்லம்

பொங்கலுக்கு வெல்லம் தட்டும்போது இன்றைக்கும் என் கை ஒரு நிமிஷம் நின்றுவிடும்.

ஓமலூர்ப் பக்கம் எங்கள் அப்பாவுக்கு வெல்ல ஆலை இருந்தது. பொங்கல் நெருங்கினால், முதல் கொப்பரைப் பாகில் பதினோரு உருண்டை பிடித்து, ஆலையிலிருந்த சாமி படத்துக்கு முன்னால் வைப்பார். அதற்குப் பிறகுதான் வியாபாரத்துக்குக் காய்ச்சுவார். குளிக்காமல் அந்த உருண்டைகளை யாரும் தொடக் கூடாது.

எனக்கு அதில் பெரிய மனக்குறை. ஊருக்குப் போகிற வெல்லமெல்லாம் பொன் மாதிரி பளபளக்க, சாமியுடையது மட்டும் கறுத்துக் கிடக்கும். மற்ற பாகு கொதிக்கும்போது அப்பா வெள்ளைப் பொடி ஒன்றை அள்ளிப் போடுவார். கண்ணெதிரே நிறம் வெளுக்கும். சாமிக்கு மட்டும் போடமாட்டார். சாமியிடமே இப்படிக் கஞ்சத்தனமா என்று என் எட்டு வயது மனசு அடித்துக்கொள்ளும்.

அந்த வருஷம் பொங்கலுக்கு முன் ஒரு நாள், கலப்படம் பிடிக்கிற அதிகாரி வருவதாகப் பக்கத்து ஆலையிலிருந்து போன் வந்தது. அப்பா பொடி மூட்டையை, அடுப்பெரிக்கக் காயவைத்திருந்த கரும்புச் சோகைக் குவியலுக்குள் தள்ளினார். ஆலைக்குச் சீல் வைத்துவிட்டால் என்ன செய்வது என்று அம்மா குலதெய்வத்துக்குக் காசு முடிந்தார்.

ஜீப்பில் வந்தவர் ஒரு பெண் அதிகாரி. கரும்புச் சாற்றில் சுண்ணாம்பு தவிர எதுவும் சேர்ப்பதில்லை என்று சாமி படத்தைக் காட்டி அப்பா சத்தியம் செய்தார். அதிகாரியின் பார்வை கறுப்பு உருண்டைகளில் நின்றது. பக்கத்தில் நின்ற என்னிடம் குனிந்து கேட்டார்.

"இது மட்டும் ஏங்கண்ணு கறுப்பா இருக்குது?"

சாமிக்காகப் பேச ஒருவர் கிடைத்துவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

"அது சாமிக்குங்க. ஊருக்கெல்லாம் பொடி போடறாரு, சாமிக்கு மட்டும் போடமாட்டேங்கறாருங்க. நீங்க சொன்னாக் கேப்பாருங்க."

எந்தப் பொடி என்றார். சோகைக் குவியலைக் காட்டினேன்.

கூட வந்தவர்கள் மூட்டையை வெளியே இழுத்தார்கள். கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. அதிகாரி அப்பாவிடம் சத்தம் போடவில்லை.

"சாமிக்கு ஆகாதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்குதுங்களே" என்றார்.

வெளுத்த வெல்லத்தையெல்லாம் வண்டியில் ஏற்றி, கதவுக்குச் சீல் வைத்துவிட்டுப் போனார்கள். கறுப்பு உருண்டைகளை மட்டும் அம்மாவிடம் கொடுத்திருந்தார்கள். அப்பா என்னை அடிக்கவில்லை. அதனால் தைரியமாகக் கிட்டே போய்க் கேட்டேன்.

"இனிமே சாமிக்கும் பொடி போடுவீங்களாப்பா?"

அப்பா துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். வெல்லம் போன துக்கம் என்றுதான் நினைத்தேன்.