எண் கழற்றிய வீதி

என் மனைவி கார் ஓடப் பழகிய காலத்தில் அவளிடம் இரண்டு பொய்கள் சொன்னேன். கோபத்திலோ அவசரத்திலோ சொன்னவை அல்ல, யோசித்துச் சொன்னவை. ஒன்று ஒரு சின்ன ஊரின் பயணிகள் தகவல் நிலையத்தில் பிடிபட்டது. மற்றதை அன்றைக்கே நானாக ஒப்புக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி. ரொறன்ரோவின் ஸ்காபரோவில், கிங்ஸ்ரன் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தோம். ஊரில் நான் பட்டதாரி. மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் என் கையெழுத்துக்காக ஆட்கள் வாங்கில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். இங்கே ஓர் அலுவலகக் கட்டடத்தில் இரவுக் காவலாளி. மனைவிக்கு ஒரு தொழிற்சாலையில் ஷாம்பூப் போத்தல்களுக்கு மூடி போடும் வேலை. வீட்டில் ஒரு கார். அதை ஓடுவது நான் மட்டும். காலையில் என் வேலை முடிந்து வந்து, அவளைக் கொண்டுபோய் இறக்கிவிட்ட பிறகுதான் படுப்பேன். பின்னேரம் போய் ஏற்றுவேன். கோயில், கடை, மருத்துவர், செத்த வீடு எல்லாவற்றுக்கும் அப்படித்தான். இது பெரிய கரைச்சல் என்று காண்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். உண்மையில் எனக்கு மிஞ்சியிருந்த உத்தியோகம் அது ஒன்றுதான்.

அந்த வசந்தத்தில், தொழிற்சாலை கிழக்கே விட்பி என்ற ஊருக்கு மாறப்போவதாக அறிவித்தார்கள். இலையுதிர் காலத்திலிருந்து அங்கேதான் வேலை. வர விரும்புகிறவர்கள் வரலாம், வந்து சேருவது அவரவர் பாடு. புதிய கட்டடத்தின் பக்கம் பஸ் இல்லை. ரயிலில் போய் இறங்கினாலும் நடக்கிற தூரமில்லை. வேலை விடியற்காலையில் தொடங்கும், அந்த நேரம் நான் காவலில் இருப்பேன். ஆகவே நான் பஸ்ஸில் காவலுக்குப் போக, அவள் தானே காரை ஓடவேண்டும். ஓடினால் வேலை, இல்லாவிட்டால் வீடு.

பழகுநர் லைசென்ஸை அவள் இங்கே வந்த முதல் வருடமே எழுதி எடுத்திருந்தாள். அதோடு ஓடுவதென்றால் அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். 401 போன்ற பெருஞ்சாலைகளில் ஏறக்கூடாது. வீதிச் சோதனைக்கு நாள் எடுக்க அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசவேண்டும். ஆங்கிலத்தில் பேசுவது என் பொறுப்பு என்பதால் அதை என்னிடம் விட்டாள். கேட்டேன், இப்போதைக்கு நாள் இல்லையாம் என்று சொன்னேன். அடுத்த மாதமும் அதையே சொன்னேன். நான் தொலைபேசியைத் தொடவேயில்லை.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை. வெக்ஸ்போர்ட்டில் இருந்த மனைவியின் தங்கை, என் மச்சாள், வந்திருந்தாள். வாய்க்காரி. “அக்கா, சும்மா பிளாசா பார்க்கிங்கைச் சுத்திக்கொண்டு திரிஞ்சா எப்ப பயம் போறது? தூர ஓடவேணும். பழைய ஹைவேயால போவம், பீச்சுக்கு” என்றாள்.

பழைய ஹைவே என்றால் கிங்ஸ்ரன் ரோட்டேதான். 401 வருவதற்கு முன் ரொறன்ரோவிலிருந்து கிழக்கே போனவர்கள் எல்லோரும் அந்த வழியால்தான் போனார்கள், குதிரை வண்டிக் காலத்திலிருந்து. ஒவ்வொரு ஊருக்குள்ளும் நுழைந்து, அந்த ஊர்த் தெருவின் பெயரைப் பூண்டுகொண்டு, மறுபக்கத்தால் வெளியேறும் வீதி. அவசரமில்லாத ஆட்கள் கோடையில் அதில் வேண்டுமென்றே போவார்கள். நான் சம்மதித்தேன். அடுத்த ஊரான பிக்கரிங்கிலேயே களைத்துக் கார்த் திறப்பை என்னிடம் தந்துவிடுவாள் என்பது என் கணக்கு.

பிக்கரிங்கில் அவள் களைக்கவில்லை. நான்தான் களைத்தேன்.

“சிவப்பு, சிவப்பு! பிரேக்கைப் பிடியும்!”

“பிடிச்சுக்கொண்டுதானே இருக்கிறன்.”

“அத்தான்,” என்று பின்சீட்டிலிருந்து மச்சாள் குரல் கொடுத்தாள், “உந்தப் பக்கத்தில நீங்கள் எவ்வளவு மிதிச்சாலும் கார் நிக்காது. அடித்தகடு ஓட்டையாகிக் கால் ரோட்டில தேயப்போகுது.”

மனைவி சிரித்தாள். ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி அவள் சிரித்ததை நான் அன்றுதான் முதலில் கண்டேன். எனக்கு அது பிடிக்கவில்லை.

விட்பி, ஒஷாவா கழிந்ததும் வயல்கள் தொடங்கின. அவளுடைய தோள்கள் தளர்ந்து இறங்கின. ஓரிடத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு டிராக்டர் ஊர்ந்து போனது. அவள் கண்ணாடியைப் பார்த்தாள், சிக்னல் போட்டாள், முந்தினாள், அமைதியாகத் தன் பக்கத்துக்குத் திரும்பினாள். நான் வாய் திறக்கத் தேவை இருக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. விபத்தைப் பற்றிய பயம் அல்ல.

சிறிது நேரத்தில் ஏரிக்கரைப் பக்கம் ஒரு சின்ன ஊருக்குள் வந்தோம். பெரிய தெரு ஒரு தேவாலயத்தின் முன்னால் இரண்டாகப் பிரிந்தது. அந்த இடத்தில் ஒரு கம்பம் மட்டும் நின்றது. எண் பலகை இல்லை. காரணம் எனக்குத் தெரியும். மாகாண அரசு அந்த வீதியைப் பராமரிக்கும் பொறுப்பை ஊர்ச் சபைகளிடம் தள்ளிவிட்டது, எண் பலகைகளைக் கழற்றி எடுத்துவிட்டது. பத்திரிகையில் வாசித்திருந்தேன்.

“எந்தப் பக்கம் திரும்பிறது?” என்று கேட்டாள்.

“நிப்பாட்டும். ஓரமா நிப்பாட்டும். இந்த ரோட் இதோட முடிஞ்சுது. கவர்மென்ற் வெட்டிப்போட்டுது. பாரும், போர்டும் இல்லை. இனி 401 ஆலதான் போகவேணும். உமக்கு அதில ஓடேலாது. திறப்பைத் தாரும்.”

“அப்ப வந்த வழியாலேயே திரும்புவம்.”

“வந்த வழியால ஊர்ந்துகொண்டு போனா நான் எப்ப வேலைக்குப் போறது? நான் எடுக்கிறன், வீட்டை போவம்.”

அவள் நம்பினாள். முகம் சுருங்கிப்போயிற்று. இந்த நாட்டில் கடிதம், நோட்டீஸ், பலகை எல்லாம் நான் வாசித்துச் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். எஞ்சினை நிறுத்தித் திறப்பைக் கழற்றிவிட்டாள்.

“அத்தான், அங்கை பாருங்கோ,” என்றாள் மச்சாள். “பெரிய கேள்விக்குறி ஒண்டு போட்டு வைச்சிருக்கிறாங்கள். கேக்கிறதுக்குத்தானே உது? வாங்கோ, கேப்பம். எனக்கு வொஷ்றூமுக்கும் போகவேணும்.”

“என்னத்தைக் கேக்கிறது? எனக்குத் தெரியாததை அவங்கள் சொல்லப்போறாங்களோ?”

அதற்குள் அவள் இறங்கிவிட்டாள். மனைவியும் திறப்போடு இறங்கினாள்.

அது பயணிகள் தகவல் நிலையமாக மாற்றிய ஒரு பழைய தபால் கந்தோர். வாசலில் பூச்சட்டிகள், உள்ளே கோப்பி வாசம், சுவர் முழுக்க ஒரு வரைபடம். மேசைக்குப் பின்னால் வெள்ளைக்கார அம்மா ஒருவர் இருந்தார். என்னைவிட மூத்தவர், கண்ணாடியைக் கயிற்றில் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். மச்சாள் வொஷ்றூமுக்குப் போனாள். நான் முந்திக்கொண்டு, என்னிடமிருந்த மிகச் சிறந்த ஆங்கிலத்தில், 401 இல் மேற்கு நோக்கி ஏற எப்படிப் போகவேண்டும் என்று கேட்டேன். அவர் சொன்னார். பிறகு, எந்த வழியாக வந்தீர்கள் என்று கேட்டார். பழைய நெடுஞ்சாலையால் என்றேன்.

அவருடைய முகம் மலர்ந்தது. பழைய சாலையால் வந்தவர்கள் ஏன் 401 இல் ஏறவேண்டும்? பலகைகளைக் கழற்றிய நாளிலிருந்து இந்தப் பிரிவில் தடுமாறித் தினமும் யாராவது உள்ளே வருகிறார்கள், அதனால் நாங்களே ஒன்று வரைந்து வைத்திருக்கிறோம் என்று ஒரு தாளை எடுத்தார். அதில் ஓர் எண்கூட இல்லை. தேவாலயம், கல்லுப் பாலம், தானியக் களஞ்சியம், மயானம் என்று கண்ணில் படுகிறவற்றை வரைந்திருந்தார்கள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்:

“உங்களில் யார் ஓடுகிறீர்கள்?”

“நான்தான்,” என்றேன்.

மனைவிக்கு ஆங்கிலம் குறைவு. ஆனால் இந்தக் கேள்வியும் என் பதிலும் விளங்காத அளவுக்குக் குறைவில்லை.

“நோ,” என்றாள். கார்த் திறப்பைத் தூக்கிக் காட்டினாள். “ஐ டிரைவ்.” பிறகு கொஞ்சம் யோசித்து, “ரோட் ஃபினிஷ்?” என்று கேட்டாள்.

“முடிந்துவிட்டதா? இல்லையம்மா, யார் சொன்னது? எண்ணைத்தான் எடுத்துக்கொண்டு போனார்கள். வீதி அங்கேயேதான் கிடக்கிறது.” அவர் கையால் ஒரு பலகையைக் கழற்றுவது போலவும், பிறகு நேரே நீண்டு போவது போலவும் காட்டினார்.

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். மருந்துப் போத்தலில் இருக்கும் சின்ன எழுத்தை வாசிக்க முயல்கிறவளின் பார்வை அது. நான் பூச்சட்டிகளைப் பார்த்தேன். அந்த அம்மாவும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போது என் மனைவி அவரிடம் சொன்னாள்: “மை ஹஸ்பண்ட்… வொறி. டூ மச் வொறி.”

அன்னியர் ஒருவர் முன்னால் அவள் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. அதைத் தாங்குவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

அந்த அம்மா அதற்குமேல் என்னோடு பேசவில்லை. மனைவியைச் சுவர் வரைபடத்துக்கு அழைத்துப்போனார். வழியைத் தான் ஒருமுறை விரலால் காட்டினார். பிறகு அவளுடைய விரலால் போகச் சொன்னார். ஓடுகிறவர் ஒருமுறையாவது விரலால் போய்ப் பார்க்காமல் இங்கிருந்து யாரையும் அனுப்பமாட்டேன் என்றார். மனைவி விரலை வைத்துத் தனக்குத்தானே தமிழில் முணுமுணுத்தாள். “கோயிலுக்கு இடக்கைப் பக்கம். கல்லுப் பாலம். பிறகு சவக்காலை, அதில வலக்கை.” ஓரிடத்தில் விரல் பிழைத்தது. அவர் திருத்தவில்லை, காத்திருந்தார். அவளே திரும்பி வந்து சரிசெய்தாள். இந்த மேட்டில் கல் ஏற்றும் லொறிகள் வரும், மெதுவாகப் போங்கள். இந்தப் பூங்காவில் நிறுத்தி இளைப்பாறலாம். பழகுகிறவர்கள் நிறையப் பேர் இந்த வழியால் வருகிறார்கள், நல்ல வீதி, பொறுமையான வீதி. இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லி, தாளை மடித்து அவளுடைய கையில் கொடுத்தார்.

வொஷ்றூமிலிருந்து வந்த மச்சாள் பாதியைக் கேட்டுவிட்டாள். வெளியே வந்ததும் தொடங்கினாள்.

“என்ன அத்தான், ரோட்டை வெட்டினது எந்தக் கவர்மென்ற்? உங்கட கச்சேரியோ?”

“நீ சும்மா இருந்து வா,” என்றாள் மனைவி.

அவள் ஓடினாள். பாலம் வந்தது, மயானம் வந்தது. மேட்டில் லொறி ஒன்று உறுமிக்கொண்டு எதிரே வந்தது. அவள் மெதுவாக்கி ஓரமெடுத்தாள். என் கால்கள் தகட்டைத் தேடவில்லை.

கடற்கரை என்று எங்கள் ஆட்கள் சொல்லும் அந்த ஏரிக்கரையில் மச்சாள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினாள். நாங்கள் இருவரும் வாங்கில் இருந்து, கொண்டுபோன ரோல்ஸைச் சாப்பிட்டோம். பிளாஸ்கிலிருந்து தேநீரை ஊற்றி முதலில் என்னிடம் தந்துவிட்டுக் கேட்டாள்.

“தெரியாமல் சொன்னனீங்களோ, தெரிஞ்சுகொண்டு சொன்னனீங்களோ?”

தெரியாமல் என்று சொல்லியிருக்கலாம். அவள் ஏற்றுக்கொண்டிருப்பாள்.

“தெரிஞ்சுதான்.”

“ஏன்?”

“நீர் ஓடத் தொடங்கினா எனக்கு என்ன வேலை?”

அவள் இரக்கப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அதையும் எழுதிவிடவேண்டும்.

“உங்களுக்கு வேலையில்லையெண்டு எனக்கும் வேலை இல்லாமல் போகவேணுமோ?” என்றாள். பிறகு, “வேற என்ன?” என்று கேட்டாள்.

தொலைபேசி விடயத்தைச் சொன்னேன்.

“டெஸ்ற்றுக்கு நாள் கிடைக்கவேணுமெண்டு நான் பிள்ளையாருக்கு நேத்தி வைச்சிருக்கிறன்,” என்றாள். “பாவம், அவர் என்ன செய்வார். நீங்கள் ஃபோனையே எடுக்கேல்லை.”

குரலில் அழுகை இருந்ததா சிரிப்பு இருந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியாது. மச்சாள் நனைந்த காலோடு வந்தாள். “என்ன ரெண்டு பேரும் துக்கம் விசாரிக்க வந்த ஆக்கள் மாதிரி இருக்கிறியள்?”

“ஒண்டுமில்லை. திங்கக்கிழமை நானே டெஸ்ற்றுக்கு ஃபோன் பண்ணப்போறன். நீ வந்து பக்கத்தில இரு.”

திங்கட்கிழமை அப்படியே செய்தாள். நான் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றேன். தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். விளங்காததைத் திரும்பச் சொல்லச் சொன்னாள், அவர்கள் சொன்னார்கள். உதவிக்கு என்னைக் கூப்பிடவில்லை. ஓகஸ்ட்டில் ஒரு நாள் கிடைத்தது.

அந்தச் சோதனையில் அவள் தேறவில்லை. இரண்டு கார்களுக்கு நடுவில் நிறுத்துவதில் பிழைத்துவிட்டது. அதைக் கேட்டபோது மனதின் ஒரு மூலையில் மகிழ்ச்சி எட்டிப்பார்த்தது. அந்த மனிதனும் நான்தான். மறுநாள் பின்னேரம் நித்திரையைக் குறைத்துக்கொண்டு எழும்பி, “வாரும், நிப்பாட்டிப் பழகுவம்” என்றேன். மூடிக் கிடந்த ஒரு கடையின் பின்பக்கம், இரண்டு குப்பைத்தொட்டிகளை இழுத்து வைத்துப் பழகினோம். மச்சாளும் சில நாள் வந்தாள். “அத்தான், தொட்டிக்குக் கிட்ட நில்லுங்கோ, அக்காவுக்குக் குறி பார்க்க நல்லாயிருக்கும்” என்றாள். மனைவி ஒரு தொட்டியை இரண்டு தரம் இடித்தாள். பிறகு இடிக்கவில்லை. செப்டெம்பரில் தேறினாள்.

நான் அவளிடம் மன்னிப்பு என்ற சொல்லைச் சொன்னதாக நினைவில்லை. எங்கள் தலைமுறை ஆண்களுக்கு அது வராது என்பார்கள். வராது என்பதும் நாங்களே சொல்லி வைத்த கதைதான். கேட்டிருக்கலாம். அவள் உயிரோடு இருந்த அத்தனை வருடத்தில் ஒரு நாள் கேட்டிருக்கலாம்.

விட்பியில் அவளுடைய முதல் நாள். நான் அந்த இரவு லீவு எடுத்திருந்தேன். வெளிக்கிடும் நேரம் இன்னும் இருட்டாக இருந்தது. கார்க் கண்ணாடியில் மெல்லிய உறைபனி. நான் சுற்றிச் சுற்றிச் சுரண்டினேன். “காணும், காணும், கண்ணாடி தேயப்போகுது” என்றாள். ஏறி, சீட்டைத் தன் அளவுக்கு இழுத்தாள், கண்ணாடிகளைத் தன் கண்ணுக்குத் திருப்பினாள், போனாள்.

மேலே வந்து படுக்கவில்லை. தேநீர் போட்டு வைத்துக்கொண்டு தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தேன். அது அடித்தபோது வெளியே நன்றாக விடிந்திருந்தது. அவளுக்குப் பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டது.

“வந்து சேந்திட்டன்,” என்றாள். “நீங்கள் இனிப் படுங்கோ.”