படகின் அடியில் தண்ணீர்

மேலூர் டீக்கடை முன்னால் லாரி நிற்கிறது. மேலே, தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு விற்கக் கொண்டுபோகும் என் பாய்மரப் படகு. வழியில் இரண்டு தடவை துடைத்தும் அடிப்பள்ளத்தில் மறுபடி தண்ணீர் கிடக்கிறது. நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். உப்பு இல்லை, கடல்நீர் அல்ல. மழையும் பெய்யவில்லை. படகின் குடிநீர்த் தொட்டியும் காலி. வாங்குகிறவர் முதலில் அடியைத்தான் பார்ப்பார். மூன்றாவது தடவையும் துடைத்துவிட்டு நிமிர்ந்தால், மேலூர்க்காரரான டிரைவர் குடத்தோடு ஏறி வருகிறார்.

“தண்ணி எதுக்குண்ணே?”

“படகு காயக்கூடாதுல்லண்ணே. நிறுத்துற எடமெல்லாம் ஒரு கொடம் ஊத்திக்கிட்டுத்தான் வாரேன்.”

காய்ந்து கிடக்கும் அடியைப் பார்த்ததும் அவர் குரலைத் தாழ்த்துகிறார்.

“சொன்னா வருத்தப்படுவீங்கன்னு சொல்லல. ஊத்துற அம்புட்டுத் தண்ணியும் ஒழுகிருது. ஒங்க படகு ஓட்டைண்ணே.”