கலக்கிய தண்ணீரைக் கொட்டிய எஸ்தர்

எஸ்தர் இறந்த செய்தியை மீன்காரி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சீர்காழியில் எஸ்தர் தெருவிலும் கூடை இறக்குகிறவள். "தண்ணி ஆபீசர் அம்மா போயிட்டாங்க. நேத்தே அடக்கம் பண்ணிட்டாங்க" என்றாள். நம் ஊருக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. மீன் வாங்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

என்னைவிடச் சின்னவள், அதனால் அவள் என்றே எழுதுகிறேன். அவளைத் தெரிந்தவர்கள் கோபிக்க வேண்டாம்.

மணல் குவாரி வந்த பிறகு நம் வாய்க்காலில் வந்தது பாதி சேறு, மேலே டீசல் படலம். நாற்றங்கால் அழுகியது. மனு கொடுத்து நாம் ஓய்ந்த பிறகுதான் எஸ்தரை அனுப்பினார்கள். ஆற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடிப்பாள். தக்கையை மிதக்கவிட்டு, கடிகாரம் பார்த்து ஓட்டத்தை அளப்பாள். அவள் எழுதுவதை வைத்துத்தான் குவாரியை மூடுவதா என்று முடிவாகும் என்றார்கள்.

ஆனால் அவள் வரும் தேதியை அலுவலகம் முன்கூட்டியே சொல்லிவிடும். குவாரிக்காரன் அதற்குள் இயந்திரங்களைக் கரையேற்றிவிடுவான். அன்றைக்குத் தண்ணீர் கண்ணாடிபோல ஓடும். வயிறெரிந்த நம்மவர்கள் ஒருமுறை அவள் வருமுன் மாடுகளை ஆற்றில் இறக்கிக் கலக்கினார்கள். எங்கள் மாடுகளை நான்தான் அவிழ்த்துக் கொடுத்தேன். இன்றும் எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை.

எஸ்தர் பாட்டிலை நிரப்பினாள். கரையில் குளம்புத் தடத்தைப் பார்த்தாள். பாட்டிலைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டாள்.

"எங்க வயலு சாவுது, நீ நியாயம் பாக்குறியா?" என்றேன்.

"கலக்குன தண்ணிய நான் எடுத்துட்டுப் போனா, குவாரிக்கு நீங்களே வக்கீல் வெச்ச மாதிரி, பெரியம்மா."

ஊர்க்காரர்கள் அளக்க விடவில்லை என்று சொல்லி அலுவலகம் வேறு தேதியே கொடுக்கவில்லை. அந்தச் சம்பா போயிற்று.

அறுப்பில்லாத அந்தத் தையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கினாள். சொல்லாமல் வந்து அளக்க மேலிடத்தில் மன்றாடி அனுமதி வாங்கியிருந்தாள். அதிகாரிகள் வராத நாள் என்று ஆறு முழுக்க லாரிகள். கோயிலுக்குப் போகவில்லையா, ஆண்டவர் கோபிக்க மாட்டாரா என்று கேட்டேன். "அவரும் வேணும்னா இங்க வந்து இந்தத் தண்ணியப் பாக்கட்டும்" என்று சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். லாரிக்காரன் கத்தியதற்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று பிடித்த தண்ணீர்தான் குவாரியை மூட வைத்தது. ஆற்றில் வேறிடத்தில் இன்னொன்று திறந்துவிட்டார்கள். அதை எழுதவும் அலுப்பாக இருக்கிறது.

மூடிய பிறகு வீட்டுக்கு வந்தாள். சோறு போட்டுக்கொண்டே, "உன்னால ஒரு சம்பா போச்சு. நான் மறக்க மாட்டேன்" என்றேன். அவள் கை இலையிலேயே நின்றது.

"மறக்காதீங்க பெரியம்மா. நானும் மறக்கல" என்றாள். பிறகு ரசம் கேட்டாள்.

அதன் பிறகும் பலமுறை வந்தாள். ஒருநாளும் சமாதானம் சொன்னதில்லை, நானும் விட்டுக்கொடுத்ததில்லை. அவளுடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தச் சண்டைதான். இத்தனை நாள் இரண்டு பேர் சுமந்தோம். இனி நான் ஒருத்தி.