ஐம்பத்தைந்து டிகிரி அறை

கமுதிப் பக்கத்து ஆட்களான எங்களுக்கு ஒரு கொழுப்பு உண்டு. வெயிலைப் பற்றி எங்களிடம் எவனும் பேசக் கூடாது. மிளகாய் காயும் களத்தில் செருப்பில்லாமல் நடப்பதைக் கல்யாண வீட்டில்கூடப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். மருதுபாண்டியிடம் அந்தக் கொழுப்பு ஒரு படி கூடுதல்.

தேவிபட்டினம் சாலையில், கார் பஸ்களைச் சோதித்துப் பார்க்கும் கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை. அங்கே ஓர் அறையில் உறையவைக்கும் குளிர், இன்னொன்றில் கொட்டும் மழை, மூன்றாவதில் பாலைவனச் சூடு, ஐம்பத்தைந்து டிகிரி. அந்தச் சூட்டில் பஸ்ஸை ஓடவிட்டு, ஏசி எவ்வளவு நேரத்தில் குளிர வைக்கிறது என்று உள்ளே உட்கார்ந்து குறிக்க வேண்டும். ஏசி நின்றாலோ தலை சுற்றினாலோ சிவப்புப் பொத்தானை அமுக்கலாம். கதவைத் திறந்து வெளியே கூட்டிப்போய்விடுவார்கள். பதினோரு வருஷத்தில் மருதுபாண்டி அதை ஒருமுறைகூட அமுக்கியதில்லை. என்ஜினியர்கள் அவரைத் தட்டிக்கொடுப்பார்கள்.

தங்கை மாரிச்செல்வியின் புருஷன் அய்யப்பனையும் அவர்தான் அங்கே சேர்த்துவிட்டார். முதல் நாளே, அங்கேயே வேலை பார்க்கும் என் முன்னால்தான் சொன்னார்:

"மாப்ள, அந்தப் பொத்தான மட்டும் அமுக்கிராதீக. நம்ம ஊரு மானமே போயிரும். பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்துருங்க."

"சரி மச்சான்" என்று சிரித்தார் அய்யப்பன்.

போன சித்திரையில் ஒரு நாள், சோதனைக்கு வந்த பஸ்ஸின் ஏசி பாதியில் நின்றுபோனது. அய்யப்பன் பொத்தானைத் தொடவில்லை. நேரம் முடிந்து கதவைத் திறந்தபோது குறிப்பு நோட்டு மடியில் கிடந்தது, ஆளுக்கு நினைவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். முப்பத்திரண்டு வயசு.

"ஏசி நின்னா பொத்தானை அமுக்கலாம்கிற விதி அவருக்குத் தெரியுமா?" என்று விசாரணையில் கேட்டார்கள்.

"தெரியும் சார்" என்றார் மருதுபாண்டி.

பொய்யில்லைதான். ஊரே கம்பெனியைத் திட்டியது. அவரும் கூடவே தலையாட்டினார். எனக்கு ஆத்திரமாக வந்தது, அந்த முகத்தைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது. மனிதர் சோறு தண்ணி சரியாக எடுக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுகள் கிளம்பின. நான் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மருதுபாண்டி தங்கை முன்னால் போய் நின்றார்.

"நாந்தான் ஆத்தா, பொத்தான அமுக்க வேணாம்னு சொன்னேன்."

மாரிச்செல்வி அழவில்லை, திட்டவுமில்லை.

"தெனமும் வேலைக்குக் கெளம்பையில நாஞ் சொல்லித்தாண்ணே அனுப்புவேன்" என்றாள். "அண்ணன் சொல்றபடி நடந்துக்கங்கன்னு."