எல்லையம்மன் கோயில் சேறும் ஆறு அங்குல டயரும்

கார்த்திகை மாதத்தில், மழை விட்டு இரண்டு நாள்கூட ஆகாத வயல்வழியில், ஜீப்பில் கோயிலுக்குப் போகலாமா என்று யாராவது என்னைக் கேட்டால், தை மாதம் போங்கள் என்றுதான் சொல்வேன். எங்களுக்கு அந்த வசதி இல்லை. அக்கா மகள் யாழினிக்கு மொட்டையடித்துக் காது குத்த வேண்டும். ஒற்றைப்படை வயதில்தான் செய்வார்கள். முதல் வயதில் பங்காளி வீட்டுச் சாவுத்தீட்டால் தள்ளிப்போனது. இப்போது மூன்று நடக்கிறது. தை பிறந்தால் நான்கு. மார்கழியில் செய்யக்கூடாது. ஆக மிச்சம் இருந்தது கார்த்திகைக் கடைசி ஞாயிறு ஒன்றுதான்.

சிக்கல் செந்தில் மாமாவின் காலில் இருந்தது. மாமா என்றால் அக்காவின் கணவர், குழந்தையின் அப்பா. ஐந்து வாரத்துக்கு முன்னால் இங்கே புதுச்சேரிக் கதிர்காமத்தில் பைக் சறுக்கி விழுந்து, தொடைவரை மாவுக்கட்டு. அவர்களுடைய குலதெய்வம் எல்லையம்மன் இருப்பது பாகூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில். தார்ச்சாலை முடிந்த பிறகு 1.4 கிலோமீட்டர் வாய்க்கால் ஓரமாகச் சேற்றில் போக வேண்டும். தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் மாமாவின் எடை தொண்ணூற்று நான்கு கிலோ. நான் இல்லாமலே நடத்திவிடுங்கள் என்று அவரே சொல்லிவிட்டார். அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். என் வாய் சும்மா இருக்குமா? நம்ம ஜீப் எதற்கு இருக்கிறது, மாமாவைக் கோயில் வாசலில் இறக்குவது என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். கையில் மூன்று வாரம் இருந்தது.

என்னிடம் இருப்பது பழைய ஃபோர் வீல் டிரைவ் டீசல் ஜீப். முன்னும் பின்னும் இழுவைக் கொக்கி, வண்டியின் வயிற்றில் ஒரு இரும்புத் தகடு, பத்தரை அங்குல அகலத்தில் நான்கு டயர். அந்த டயர்களைப் பார்த்து எனக்கே ஒரு கர்வம் உண்டு. புதுச்சேரிக்காரனுக்கு ஃபோர் வீல் டிரைவ் என்றால் கடற்கரை மணல்தான் ஞாபகம் வரும். நானும் அங்கேதான் பழகினேன். அகல டயர், பதினைந்து பவுண்டு காற்று, மணலில் மிதந்தபடி போகலாம். சேறும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். யாரையும் கேட்கவில்லை.

முதல் ஞாயிறு ஒத்திகைக்குப் போனேன். வேடிக்கை பார்க்க மாமாவும் வந்தார். உழவர்கரையிலிருந்து காலை 6.40க்குக் கிளம்பி, 24 கிலோமீட்டர் ஓட்டி 7.35க்குத் தார்ச்சாலை முடிவில் மாமாவை ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுச் சேற்றில் இறங்கினேன். சரியாக இருநூறு மீட்டர். டயரில் துருத்தி நிற்கும் பட்டன்களின் இடுக்கெல்லாம் களி அப்பி, நான்கு சக்கரமும் மொழுமொழுவென்று ஆகிவிட்டன. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி பக்கவாட்டில் வாய்க்காலைப் பார்த்து நகர்ந்ததே தவிர, முன்னால் ஓர் அடி போகவில்லை. டீக்கடையிலிருந்து மாமா கைபேசியில் அழைத்தார்.

"சேத்தப் பாத்தா படுத்துக்குதே மச்சான், இது ஜீப்பா எருமையா?"

வெளியே இழுத்துப்போட்டவர் அந்த ஊர் டிராக்டர் ஓட்டுநர் ஏழுமலை. என் வயதுதான் இருக்கும். கயிற்றை அவிழ்த்தபடியே என் டயரை ஒரு உதை விட்டார்.

"மேல ஒரு சாண் களிதான் சார். அடியில கல்லு கொட்டி அடிச்ச ரோடு இருக்குது. ஒங்க டயரு மேலயே மெதந்துகினு இருந்தா தரைய எப்பத் தொடும்?"

இந்த இரண்டு வரிக்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன். மணலுக்கு அடியில் தரை கிடையாது, மிதக்கத்தான் வேண்டும். இந்தப் பக்கத்து வயல்வழிகளில் சேற்றுக்கு அடியில் தரை உண்டு. களியை வெட்டிக்கொண்டு கீழே இறங்குகிற ஒல்லி டயர்தான் வேலைக்கு ஆகும்.

மறுநாளே ஷிப்ட் முடிந்ததும் மெக்கானிக் அந்துவான் அண்ணனிடம் போனேன். ஜீப் கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த பதினாறு அங்குல ரிம்களை நான் பழைய இரும்புக்குப் போடச் சொல்லியிருந்தேன். நல்லவேளை, அவர் போடவில்லை. அவற்றில் ஆறு அங்குல அகலமுள்ள, கட்டை கட்டையாகப் பட்டன் வைத்த டயர் நான்கு, 26,400 ரூபாய். சேற்றுநீர் கியர் ஆயிலில் கலக்காமல் இருக்க, ஆக்சிலின் காற்றுக்குழாயை பானட் உயரத்துக்கு ஏற்றிக் கட்டினோம், 650 ரூபாய். சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் பிளாஸ்டிக் பலகை ஜோடி 4,800. ஆழத் தண்ணீரிலும் இன்ஜினுக்குக் காற்று போக, புகைக்குழல் மாதிரி மூக்கு ஒன்று வைக்கலாமா என்று கேட்டதற்கு, நீ போவது கோயிலுக்கா ஆற்றுக்கா என்று கேட்டார், விட்டுவிட்டேன். இரண்டாவது ஒத்திகையில், நான் மட்டும் வண்டியில், இருபது பவுண்டு காற்றில், 1.4 கிலோமீட்டரையும் பதினோரு நிமிடத்தில் கடந்துவிட்டேன். ஏழுமலை வரப்பில் நின்று கையைத் தூக்கிக் காட்டினார். அன்று ராத்திரி நான் வீட்டில் பேசிய பேச்சை என் மனைவி இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள்.

விசேஷ நாள். நல்ல நேரம் ஒன்பதிலிருந்து பத்தரை வரை. 7.50க்குத் தார்ச்சாலை முடிவில் இருந்தோம். உறவுக்காரர்கள் ஒரு வேனில் முன்பே வந்து செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். அக்காவும் குழந்தையும் முதல் கூட்டத்தோடு நடக்கத் தொடங்கிவிட்டார்கள். அங்கேதான் நான் இரண்டாவது முட்டாள்தனத்தைச் செய்தேன். ஜீப்தான் போகிறதே என்று தாய்மாமன் சீர்த்தட்டு இருபத்தொன்றையும் பின்னால் ஏற்றினார்கள். பிறகு அரிசி மூட்டை, அண்டா, சிலிண்டர், அடுப்பு. பிறகு நடக்க அலுத்த ஐந்து பேர். நான் ஒருவரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சுமை ஏறுகிறதே என்று காற்றையும் முப்பதுக்கு ஏற்றிவைத்தேன்.

அறுநூறு மீட்டர் தாண்டியதும் ஒரு திருப்பத்தில் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. மணி 8.40. பலகை கொடுத்தேன், பலகையும் உள்ளே போனது. ஏழுமலைக்குப் போன் போட்டால், அவர் நான்கு ஊர் தள்ளி உழவில் இருந்தார். மாவுக்கட்டுக்கு மேல் உரச்சாக்கைச் சுற்றிக்கொண்டு முன்சீட்டில் இருந்த மாமா கைபேசியில் மணி பார்த்தார், ஒன்பதேகால். பிறகு கண்ணாடி வழியாகக் கோயில் பக்கம் பார்த்தபடியே சொன்னார்.

"நீ நடந்து போயிடு மச்சான். மடியில உக்கார வெச்சிக்க தாய்மாமன் வேணும். நான் இங்கயே கெடக்கறேன், பரவால்ல."

எனக்கு வெட்கமாக இருந்தது. அப்போதுதான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். சீர்த்தட்டு. சீரை யாராவது வண்டியில் கொண்டுபோய் இறக்குவார்களா? பெண்கள் கையில் ஏந்தி வரிசையாக நடந்து வருவதுதானே வழக்கம், அதனால்தானே அதற்குச் சீர்வரிசை என்று பேர். எல்லாரையும் இறங்கச் சொன்னேன். ஏறியிருந்தவர்களில் என் சின்னம்மா முணுமுணுத்தபடி முதல் தட்டை எடுத்தார், மற்றவர்களும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். மிச்சத் தட்டுகளுக்கும் அண்டா, சிலிண்டர், அடுப்புக்கும் முன்னால் போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். இரண்டு பேர் அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றினார்கள். வண்டியில் நானும் மாமாவும் மட்டும். காற்றை இருபதுக்கு இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் மண்வெட்டியால் களியை வழித்துவிட்டு, லோ கியரில் இரண்டாவது போட்டேன். டயர் கீழே இறங்கியது, சரளையைத் தொட்டது, ஸ்டியரிங்கில் அந்த நறநறப்பு தெரிந்தது. அப்புறம் நிற்கவே இல்லை. 9.50க்குக் கோயில் வாசல்.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். முதலில் ஒரு கம்பை எடுத்துச் சேற்றில் குத்திப் பாருங்கள். சாண் ஆழத்தில் தட்டினால் ஒல்லி டயர் போதும். முழம் போயும் தட்டவில்லையா, திரும்பிவிடுங்கள். ஓடும்போது நடுவில் கிளட்சை மிதிக்காதீர்கள், ஒரே சீராகப் போங்கள். காற்றை இறக்கினால் தார்ச்சாலை ஏறியதும் மறக்காமல் ஏற்றுங்கள், அதற்கு ஒரு சின்னப் பம்பு வண்டியில் இருக்கட்டும். தனியாகப் போக வேண்டாம். டிராக்டர்காரர் உழவுக்குப் போகும் நாளை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மொழுமொழு டயரை மாற்றுவதைவிடக் கடினமான வேலை, ஏற வருகிற சொந்தக்காரரிடம் இடமில்லை என்று சொல்வது. அதைப் பழகிக்கொள்ளுங்கள்.

ஒரு காலை வேலைக்கு இவ்வளவு செலவா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். யாழினி என் மடியில்தான் உட்கார்ந்தாள். மொட்டைக்கு அழவில்லை, முதல் காதுக்கு முகத்தைச் சுளித்ததோடு சரி. இரண்டாவது காதில் ஊசி ஏறியதும் வீறிட்டு, என் மார்பில் ஓர் உதை விட்டு, பக்கத்து நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அப்பாவின் கழுத்தைத் தாவிக் கட்டிக்கொண்டாள்.